பைபிளை வெளியேற்றச் சொன்னது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரைப் பற்றி வந்திருந்த பயணக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். விரிசல் விட்ட சுதந்திர மணியையும், அரசியல் சாசனம் கையெழுத்தான மண்டபத்தையும், ஆற்றின் மேலுள்ள பெரிய நீலப் பாலத்தையும் கட்டுரையாளர் ஆசையோடு எழுதியிருக்கிறார். ஆனால் நடுவில் ஒரு வாக்கியம் வருகிறது. 1844-இல் அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்கர்கள் பள்ளிக்கூடங்களிலிருந்து பைபிளை அகற்ற முயன்றதால் கலவரம் மூண்டது, தேவாலயங்கள் சில எரிந்தன என்பது அதன் சாரம். போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த வரியில் உணவகத்துக்குப் போய்விடுகிறார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கடிதம். அது உண்மையல்ல. வேறு பிழையாக இருந்திருந்தால் விட்டுவிட்டிருப்பேன். ஆனால் அந்தத் தேவாலயங்களுக்குத் தீ வைத்த கூட்டம் சொல்லிக்கொண்டு போனது இதைத்தான். நூற்றெண்பது ஆண்டுகள் கழித்து அதே சொற்கள் தமிழில், தங்கள் நாளிதழில், சான்று கேட்காமல் அச்சாகியிருப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள். என் மகள் பிலடெல்பியாவில் வேலை பார்க்கிறாள். பேரன் பிறந்தபோது ஆறு மாதம் அவளோடு தங்கியிருந்தேன். நான் கத்தோலிக்கர் அல்ல. என் அப்பா சின்னாளபட்டியில் கூலிக்கு நெய்தவர். அவர் தறிக்கும் இந்தக் கதைக்கும் என்ன தொடர்பு என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பைபிள் விஷயம்.

அந்தக் காலத்துப் பிலடெல்பியா அரசுப் பள்ளிகளில் காலையில் பாடம் தொடங்குமுன் பைபிள் வாசிப்பார்கள். வாசித்தது புராட்டஸ்டன்ட் சபைகள் ஏற்றுக்கொண்ட ஜேம்ஸ் அரசர் காலத்து ஆங்கில மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கர்களுக்குத் தனி மொழிபெயர்ப்பு உண்டு. இந்த வேறுபாட்டை நம் வாசகர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. நம் ஊரிலேயே ஒரு சாரார் வேதாகமம் என்பார்கள், மற்றவர்கள் விவிலியம் என்பார்கள். கத்தோலிக்கர் நூலில் தோபித்து, யூதித்து, மக்கபேயர் ஆகியவை கூடுதலாக இருக்கும். பத்துக் கட்டளைகளை எண்ணும் வரிசை கூட ஒன்றல்ல. அங்கே கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைகள் தங்கள் சபை ஏற்காத நூலை வாசிக்கவும், தங்கள் சபை பாடாத பாடல்களைப் பாடவும் வேண்டியிருந்தது.

1842 நவம்பரில் பிலடெல்பியாவின் கத்தோலிக்க ஆயர் பிரான்சிஸ் கென்ரிக் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் அவர் கேட்டவை இரண்டே. எங்கள் பிள்ளைகள் எங்கள் பைபிளை வாசிக்க அனுமதியுங்கள். மற்றச் சபையின் சமயப் போதனையிலிருந்து அவர்களுக்கு விலக்குக் கொடுங்கள். பைபிளை எடுத்துவிடுங்கள் என்று அவர் கேட்கவே இல்லை. 1843 சனவரியில் குழு ஓரளவு இணங்கியது: பெற்றோர் மறுத்தால் அந்தப் பிள்ளை வாசிப்பில் கலந்துகொள்ள வேண்டாம், விளக்கக் குறிப்புகள் இல்லாத வேறு பதிப்பை விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். கத்தோலிக்கர்களின் பைபிளில் அடிக்குறிப்புகள் உண்டு என்பதால் இரண்டாவது சலுகையால் அவர்களுக்குப் பயன் குறைவு. ஆனாலும் ஆயர் தகராறு செய்யவில்லை.

ஓராண்டு கழிந்தது. நகரின் வடக்கு எல்லையை ஒட்டிய கென்சிங்டன் பகுதியில் ஹியூ கிளார்க் என்பவர் பள்ளி மேற்பார்வைப் பொறுப்பில் இருந்தார். அயர்லாந்துக்காரர், கத்தோலிக்கர், கைத்தறி முதலாளி. 1844 பிப்ரவரியில் பெண்கள் பள்ளி ஒன்றுக்குப் போனார். வாசிப்பு நேரத்தில் சில பிள்ளைகள் எழுந்து வெளியே போவதும் வருவதுமாக வகுப்பே குலைந்து போகிறது என்று தலைமை ஆசிரியை சொன்னார். அப்படியானால் எல்லோருக்கும் பொருந்தும் ஒரு வழி கிடைக்கும்வரை வாசிப்பைச் சற்று நிறுத்தி வையுங்கள், பொறுப்பு என்னுடையது என்றார் கிளார்க். நடந்தது இவ்வளவுதான். நானும் வகுப்பறையில் காலம் கழித்தவள். எழுந்து போகும் பத்துப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியை என்ன பாடுபட்டிருப்பார் என்பது எனக்குத் தெரியும். அந்த அம்மையாரின் சாதாரணக் கஷ்டம் ஒரு நகரத்தைக் கொளுத்தும் வதந்தியாக மாறும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

பைபிளைப் பள்ளியிலிருந்து துரத்திவிட்டார்கள் என்ற பேச்சு சில நாட்களில் கென்சிங்டன் முழுவதும் பரவியது. பரப்புவதற்கு ஆள் தயாராக இருந்தது. அமெரிக்கக் குடியரசுக் கட்சி என்ற பெயரில் ஒரு புதிய அமைப்பு அப்போதுதான் கிளம்பியிருந்தது. இன்றுள்ள குடியரசுக் கட்சியோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். குடியேறியவர் குடியுரிமை பெற ஐந்து ஆண்டுகள் காத்திருந்தால் போதாது, இருபத்தொரு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பதவிகள் இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு மட்டும்தான். இவை அவர்களது கோரிக்கைகள். லூயிஸ் லெவின் என்ற பத்திரிகை ஆசிரியர் அவர்களின் முன்னணிப் பேச்சாளர். போப்பாண்டவருக்கு அடிமைப்பட்டவர்கள் ஒரு குடியரசின் குடிமக்களாக இருக்க முடியாது என்பது அந்த மேடைகளின் நிரந்தரப் பாட்டு. ஆண்டுக்கணக்காகச் சொல்லிவந்த அந்தப் பாட்டுக்கு இப்போது பள்ளிப் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கப்பட்ட பைபிள் என்ற படம் கிடைத்துவிட்டது.

இனி தறிக்கு வருகிறேன். கென்சிங்டனில் வாழ்ந்த அயர்லாந்துக்காரர்களில் பெரும்பகுதி கைத்தறி நெசவாளர்கள். வீட்டிலேயே தறி. முதலாளி நூலைக் கொடுப்பார், நெய்து கொடுத்தால் கெஜத்துக்கு இவ்வளவு என்று கூலி. இதைப் படித்தபோது என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிப்பதுபோல் இருந்தது. சின்னாளபட்டியில் நான் பார்த்தது இதேதான். பாவு ஓட்டுவது அம்மா, தார் சுற்றுவது நான், தறிக்குழியில் அப்பா. கூலி குறையப்போகிறது என்ற செய்தி வந்தால் அன்று இரவு வீட்டில் பேச்சே இருக்காது. பிலடெல்பியா நெசவாளர்களும் விசைத்தறியோடு மல்லுக்கட்டித் தோற்றுக்கொண்டிருந்தவர்கள்தான். 1843 சனவரியில் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்தபோது, அடக்க வந்த ஷெரிப்பின் ஆட்களைச் சந்தைத் திடலில் அடித்து விரட்டினார்கள். அதே நகரில் 1835-இல் பத்து மணி நேர வேலை நாள் கேட்டு எல்லாத் தொழில்களும் ஒன்றாக நின்றன. அயர்லாந்துக்காரரும் உள்ளூர்க்காரரும், கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட்டும் ஒரே ஊர்வலத்தில் நடந்து வெற்றியும் பெற்றார்கள். 1837-இல் வந்த பொருளாதார வீழ்ச்சி அந்தத் தொழிற்சங்கங்களை உடைத்துப்போட்டது. பக்கத்தில் நின்றவன் கூலியைப் பங்குபோட வந்தவனாகத் தெரிந்தான். மேடையில் வெறுப்பைப் பேசியவர்களுக்குக் கேட்பதற்கு ஆள் கிடைத்தது இந்த ஏழாண்டுகளில்தான் என்பது என் கருத்து. பைபிள் இல்லாவிட்டால் வேறொன்று கிடைத்திருக்கும்.

1844 மே 3-ஆம் தேதி இந்தக் கட்சி வேண்டுமென்றே கென்சிங்டனின் அயர்லாந்துக்காரர் தெருவில் கூட்டம் போட்டது. அங்கிருந்தவர்கள் மேடையைப் பிரித்து விரட்டினார்கள். 6-ஆம் தேதி இன்னும் பெரிய கூட்டத்தோடு திரும்பி வந்தார்கள். லெவின் பேசிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் மழைக்கு ஒதுங்க, கூரை போட்ட நானி கோட் சந்தைக்குள் ஓடியது. உள்ளே அடிதடி, பிறகு துப்பாக்கி. ஜார்ஜ் ஷிஃப்லர் என்ற இளைஞர் குண்டடிபட்டு இறந்தார். இருபது வயதுகூட ஆகவில்லை.

நான் ஒரு தரப்பை மட்டும் சொல்லவில்லை. அன்று அந்த இளைஞரைக் கொன்ற குண்டு அயர்லாந்துக்காரர் தரப்பிலிருந்து வந்தது. அந்தத் தாய்க்கும் பிள்ளை பிள்ளைதான். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1842 ஆகஸ்டு முதல் தேதி, மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்ததைக் கொண்டாடி ஊர்வலம் போன கறுப்பின மக்களை இதே நகரில் தாக்கி, அவர்களின் தேவாலயம் ஒன்றை எரித்த கும்பலில் அயர்லாந்துக் கத்தோலிக்கர்களே மிகுதி. ஆயரின் கடிதம் எழுதப்பட்டதற்கு மூன்று மாதங்களுக்கு முன் நடந்தது அது. கென்சிங்டன் மக்கள் குற்றமற்ற புனிதர்கள் என்று நான் வாதாடவில்லை. அவர்கள் பைபிளைத் துரத்தவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

மே 7-ஆம் தேதி கூட்டம் கூடிய இடம் எது தெரியுமா? தங்கள் கட்டுரையாளர் வியந்து எழுதிய அதே சுதந்திர மண்டபத்தின் பின்முற்றம். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற அறிக்கை பிறந்த கட்டடத்தின் நிழலிலிருந்து கிளம்பிக் கென்சிங்டனுக்கு நடந்தார்கள். ஐரிஷ் மக்கள் மிதித்த கொடி இது என்று எழுதிய பதாகையோடு ஒரு கிழிந்த கொடியை முன்னால் தூக்கிப் போனார்கள். அன்று மாலை தீயணைப்பு நிலையம், சந்தை, வரிசையாக நெசவாளர் வீடுகள் எல்லாம் எரிந்தன. வீடுதான் தறிக்கூடம். வீடு எரிந்தால் தறியும் எரியும், தறியில் ஏற்றிய பாவும் எரியும், முதலாளி கொடுத்த நூலும் எரியும். அந்த நூலுக்கு யார் கணக்குச் சொல்வது? கணக்கில் வராத இந்த இழப்பை நினைத்தால்தான் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. குடும்பங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே காட்டில் போய் ஒண்டிக்கொண்டன.

8-ஆம் தேதி பிற்பகல் கென்சிங்டனில் புனித மிக்கேல் தேவாலயம் எரிந்தது. அருட்சகோதரிகளின் பள்ளிக்கட்டடமும், சமாதானமாக ஒரு வழி சொன்ன அந்த ஹியூ கிளார்க்கின் வீடும் தப்பவில்லை. இரவில் கும்பல் நகருக்குள் இறங்கி, நான்காம் தெருவிலுள்ள புனித அகுஸ்தீன் தேவாலயத்தைச் சூழ்ந்தது. மேயர் ஜான் ஸ்காட் வாசலில் நின்று கலைந்து போகும்படி கெஞ்சினார். அவர் மீதும் கல் விழுந்தது. தேவாலயக் கூரையின் சிலுவை தீயில் சரிந்தபோது தெருவில் நின்ற ஆயிரக்கணக்கானோர் ஆரவாரம் செய்தார்கள். தீயணைப்புப் படையினர் பக்கத்து வீடுகளில் தீ பிடிக்காமல் பார்த்துக்கொண்டார்கள், தேவாலயத்தின் மேல் தண்ணீர் ஊற்றவில்லை.

அந்த அகுஸ்தீன் தேவாலயத்துக்குத்தான் நான் போனேன். பழைய இடத்திலேயே 1848-இல் மீண்டும் கட்டியிருக்கிறார்கள். அந்த நீலப் பாலம் தொடங்கும் இடத்துக்கு அருகில் இருப்பதால் வண்டிச் சத்தம் ஓயாது. உள்ளே நுழைந்தால் சத்தம் அடங்கிவிடும். முதல் கட்டடத்துக்கு நன்கொடை கொடுத்தவர்களில் ஜார்ஜ் வாஷிங்டனும் ஒருவர். அங்கே இருந்த நூலகத்தின் ஆயிரக்கணக்கான நூல்களும் அன்றிரவே போயின. ஜேம்ஸ் அரசர் பைபிளைக் காப்பாற்ற வந்ததாகச் சொன்னவர்கள் எரித்த அந்தப் புத்தகங்களில் எத்தனை பைபிள்கள் இருந்தனவோ! மறுநாள் புகை அடங்கியபோது பீடத்துக்குப் பின்னாலிருந்த சுவர் மட்டும் நின்றதாம். அதில் எழுதியிருந்த வாசகம் கருகாமல் இருந்தது: ஆண்டவர் காண்கிறார்.

கட்டுரையாளர் சுதந்திர மணிக்கு ஒரு முழுப் பத்தி கொடுத்திருக்கிறார். அந்த மணிக்கு ஒரு தங்கை இருந்தாள். விரிசல் கண்ட முதல் மணியை உள்ளூரிலேயே மீண்டும் வார்த்தும் அதன் ஓசை பிடிக்காததால் இங்கிலாந்திலிருந்து வரவழைத்த இரண்டாவது மணி அது. அதே மண்டபத்தில் பல காலம் தொங்கிவிட்டுப் பிறகு அகுஸ்தீன் தேவாலயக் கோபுரத்துக்குப் போனது. 1844 மே 8 இரவு கோபுரத்தோடு விழுந்து உடைந்தது. அதன் உலோகத்தை எடுத்துச் சிறியதாக மீண்டும் வார்த்த மணி இன்று நகருக்கு மேற்கேயுள்ள வில்லனோவா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. என் மகள் என்னை அங்கும் அழைத்துப் போனாள்.

வில்லனோவாவில்தான் எனக்கு எதிர்பாராத ஒரு செய்தி கிடைத்தது. அந்தக் கல்லூரியை நிறுவியதில் முதன்மையானவர் அகுஸ்தீன் சபைத் துறவி பேட்ரிக் மொரியார்ட்டி. எரிந்த தேவாலயமும் அவர் சபையுடையதே. இந்த மொரியார்ட்டி பிலடெல்பியாவுக்கு வருமுன் எங்கே இருந்தார் என்று பார்த்தால், நம் சென்னையில்! 1830-களில் ஆயர் டேனியல் ஓகானருடன் சென்னைக்கு வந்து திருப்பணி செய்துவிட்டு 1839-இல் அமெரிக்கா போனவர். சென்னைக் கடற்கரையில் படகேறிய ஒரு மனிதர், சுதந்திரத்தின் தொட்டில் என்று சொல்லப்பட்ட ஊரில் தன் சபையின் நூலகம் சாம்பலானதைப் பார்க்க நேர்ந்தது. தேவாலயத்தை இழந்த சபையிடம் பணம் இல்லாமல் போனதால் 1845-இல் கல்லூரியையே மூட வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டுதான் திறந்தார்கள்.

சூலை மாதத்தில் நகரின் தெற்கில் சவுத்வார்க் பகுதியில் மறுபடி மூண்டது. புனித பிலிப் நேரி தேவாலயத்தில் தற்காப்புக்காகத் துப்பாக்கிகளை இறக்கியதைக் கண்டு கும்பல் கூடியது. இம்முறை இராணுவம் நின்று சுட்டது. கும்பல் துறைமுகத்திலிருந்து பீரங்கிகளை இழுத்து வந்து திருப்பிச் சுட்டது. அந்தத் தேவாலயம் பிழைத்தது, குறைந்தது பதினைந்து உயிர்கள் போயின.

இப்போது தங்கள் கட்டுரையிலுள்ள வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். மே கலவரத்தை விசாரித்த நீதிமன்றப் பெருநடுவர் குழு (கிராண்ட் ஜூரி), கலவரத்துக்குக் காரணங்களில் ஒன்றாக எழுதிவைத்தது இது: சமூகத்தின் ஒரு பகுதியினர் பொதுப்பள்ளிகளிலிருந்து பைபிளை விலக்க எடுத்த முயற்சி. கென்ரிக்கின் கடிதம் அதே நகரத்தில்தான் இருந்தது. எடுத்துப் படித்துப் பார்க்க ஒரு நாள் போதும். வீதியில் கத்திய வதந்திக்கு நீதிமன்ற முத்திரை விழுந்தது. முத்திரை விழுந்ததைப் பின்னால் வந்தவர்கள் பார்த்து எழுதினார்கள், அவர்களைப் பார்த்து இன்னும் பலர். தங்கள் கட்டுரையாளர் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறார். அவர் கெட்ட எண்ணத்தோடு எழுதினார் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. ஆனால் என் மாணவிகள் விடைத்தாளில் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்து, யார் சொன்னது என்று ஓரத்தில் கேட்டிருப்பேன்.

அந்த ஆண்டுத் தேர்தலிலேயே லூயிஸ் லெவின் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, மூன்று முறை உறுப்பினராக இருந்தார். பத்தாண்டுகளில் இதே எண்ணம் ‘ஒன்றும் அறியோம்’ கட்சி என்று நாடு முழுவதும் அழைக்கப்பட்ட இயக்கமாக வளர்ந்தது. 1855 ஆகஸ்டில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் தேர்தல் நாளன்று ஜெர்மானியரும் அயர்லாந்துக்காரருமாக இருபதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். அதே மாதம் ஆபிரகாம் லிங்கன் தன் நண்பர் ஜோஷுவா ஸ்பீடுக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தால், கறுப்பினத்தவரும் அந்நியரும் கத்தோலிக்கரும் தவிர மற்ற எல்லா மனிதரும் சமம் என்று நம் பிரகடனம் மாறிவிடும் என்று மனம் நொந்து சொல்கிறார். என் மகளின் வீட்டில் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று இரவு வெகுநேரம் உறங்காமல் இருந்தேன். பக்கத்து அறையில், அந்த நாட்டில் பிறந்து எட்டு வாரமே ஆன என் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான்.

பக்கத்துக்கு இடம் போதாது என்பது எனக்குத் தெரியும். இந்தக் கடிதம் முழுவதையும் வெளியிட முடியாவிட்டால் பரவாயில்லை. திருத்தம் ஒன்று மட்டும், கட்டுரை வந்த அதே ஞாயிறு இணைப்பில், கண்ணில் படும் அளவு எழுத்தில் வர வேண்டும். வாசகத்தையும் நானே தருகிறேன்: ‘1842 நவம்பரில் ஆயர் பிரான்சிஸ் கென்ரிக் பள்ளி நிர்வாகக் குழுவிடம் கேட்டது கத்தோலிக்கப் பிள்ளைகள் தங்கள் பைபிளை வாசிக்கும் உரிமையை. பைபிளை அகற்றும்படி அவர் கேட்கவில்லை.’ ஆண்டையும் மாதத்தையும் விட்டுவிடாமல் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
சின்னாளபட்டி.